"லவ்விங்" படம்: அடக்கமா, மழுப்பலா?

தெற்கத்தி | சனி, இரவு 11.52

ரொம்ப நாளாகப் பார்க்க நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்த படம். இன்றைக்குத்தான் உட்கார்ந்து முடித்தேன். 2016இல் வந்தது, ஜெஃப் நிக்கோல்ஸ் இயக்கம். ஜோயல் எட்ஜர்டனும் ரூத் நெகாவும் நடித்திருக்கிறார்கள். நெகாவுக்கு ஆஸ்கர் பரிந்துரைகூடக் கிடைத்தது.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலம், சென்ட்ரல் பாயின்ட் என்று ஒரு கிராமம். ரிச்சர்டு லவ்விங் வெள்ளைக்காரர், கொத்து வேலை பார்ப்பவர். மில்ட்ரெட் ஜெட்டர் கறுப்பினப் பெண். ஊரில் கல்யாணம் பண்ணச் சட்டம் விடாது. 1958 ஜூனில் வாஷிங்டன் போய்ப் பதிவு செய்துகொண்டு வருகிறார்கள். அவருக்கு 24, அவளுக்கு 18. ஐந்தாறு வாரம் கழித்து நடுராத்திரியில் ஷெரீப் வீட்டுக்குள் புகுந்து, படுத்திருந்தவர்களை எழுப்பிக் கைது செய்கிறார். ஓராண்டுச் சிறை என்று தண்டனை. 25 வருஷம் இரண்டு பேரும் சேர்ந்து வர்ஜீனியா மண்ணை மிதிக்காமல் இருந்தால் சிறை கிடையாது என்று ஒரு 'சலுகை'. ஊரைவிட்டுப் போகிறார்கள். 1967 ஜூன் 12இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தச் சட்டம் செல்லாது என்கிறார்கள். எல்லாமே நடந்த கதை.

இப்போது என் புகார். இவ்வளவு பெரிய விஷயத்தை ஏன் பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக்கூடாது என்பது மாதிரி சொல்ல வேண்டும்? அந்த ஒன்பது வருஷத்தில்தான் பர்மிங்ஹாமில் உரிமை கேட்டுத் தெருவுக்கு வந்த கறுப்பினப் பிள்ளைகள் மேல் நாயை ஏவினார்கள், செல்மா பாலத்தில் ஊர்வலம் போனவர்களின் மண்டையை உடைத்தார்கள். படத்தில் அந்தப் போராட்டமெல்லாம் ஒரு டிவி பெட்டிக்குள் ஓடி முடிந்துவிடுகிறது. உச்ச நீதிமன்றக் காட்சி நாம் டீ போட்டு எடுத்து வருவதற்குள் வந்து போய்விடுகிறது. மற்றபடி ரிச்சர்டு தரையைப் பார்க்கிறார், மில்ட்ரெட் ரிச்சர்டைப் பார்க்கிறார், நாம் கடிகாரத்தைப் பார்க்கிறோம்.

இதை 'அடக்கம்' என்று விமர்சகர்கள் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். எனக்கு மழுப்பலாகத்தான் தெரிகிறது.


கொத்தனார் மகன் | ஞாயிறு, காலை 7.10

அண்ணே, கடிகாரத்தப் பார்த்த நேரத்துக்கு அந்தாளு கையைப் பார்த்திருக்கலாம்.

எங்கப்பா கொத்தனார். முப்பத்தஞ்சு வருஷம். வேலை முடிஞ்சு வந்தா சிமென்ட் அரிச்ச கையில தேங்காயெண்ணெய் தடவிட்டுத் திண்ணையில உக்காந்திருப்பார். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினா அதிகம். ஒரு தடவை கடன் விஷயமா ஆபீஸ் ஒண்ணுக்குக் கூட்டிட்டுப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்ட எல்லாத்துக்கும் தரையைப் பார்த்துட்டே தலையாட்டினார். வெளிய வந்ததும் "அந்தச் செவுத்துல ரசமட்டம் பிடிக்காம பூசியிருக்கான்"னார். அதுதான் அவர் பேசின ஒரே பேச்சு.

ரிச்சர்டா நடிச்ச எட்ஜர்டன் அந்தப் படத்துல கல்லு வைக்கிறதப் பாருங்க. நூல் கட்டி, கலவையைக் கரண்டியில அள்ளி, கல்லை வெச்சு, தட்டி, பிதுங்கினத வழிச்சு. அவர் பேசற மொழி அது. அவர்கிட்ட போய் நீங்க செல்மாவைப் பத்திக் கருத்து கேக்கறீங்க.

நிஜத்துல ரெண்டு பேருமே உச்ச நீதிமன்ற விசாரணைக்குப் போகவே இல்ல. நீதிபதிகள்கிட்ட ஏதாவது சொல்லணுமான்னு வக்கீல் கேட்டப்போ ரிச்சர்டு சொல்லி அனுப்பினது, 'நான் என் பொண்டாட்டியை நேசிக்கிறேன், அவளோட வர்ஜீனியாவுல வாழ முடியாதுங்கறது நியாயமே இல்லைன்னு சொல்லுங்க'ன்னுதான். எங்கப்பா அதுகூடச் சொல்லியிருக்க மாட்டார்.


புளியமரம் | ஞாயிறு, காலை 9.33

தெற்கத்தி சொன்னது சரி, ஆனா பாதிதான் சொன்னார். இது வெள்ளைக்காரனோட குற்ற உணர்வுக்குப் போட்ட ஒத்தடம். நல்ல மனசுக்கார வெள்ளை ஆம்பளை, வாயே திறக்காத கறுப்புப் பொண்ணு, ஓடி வந்து காப்பாத்தற ரெண்டு வெள்ளை வக்கீல். கறுப்பின மக்கள் தெருவுல அடிவாங்கி வாங்கின உரிமையெல்லாம் எங்க போச்சு?


மழைக்காகிதம் | ஞாயிறு, காலை 10.48

புளியமரம், "வாயே திறக்காத பொண்ணு"ன்னு எழுதறதுக்கு முன்னாடி படத்தை ஒழுங்கா பார்த்தீங்களா? பேட்டி குடுக்கறது அவ. வக்கீல் போன் பண்ணா எடுக்கறது அவ. கேமராவுக்கு முன்னாடி நெளியறது ரிச்சர்டு. கடிதாசி எழுதறதும் அவதான்.

அந்தக் கடிதாசி நிஜமாவே இருக்கு. 1963இல் முதல்ல ராபர்ட் கென்னடிக்கு எழுதினாங்க. அவர் அப்ப அட்டர்னி ஜெனரல். ஏசிஎல்யூங்கற சிவில் உரிமை அமைப்புகிட்ட போகச் சொல்லி அங்கேருந்து பதில் வந்துச்சு. அந்த அமைப்போட வக்கீல் பெர்னார்டு கோஹனுக்கு எழுதினதுல என்ன கேட்டாங்க தெரியுமா? அங்க குடியிருக்க முடியாதுன்னு எங்களுக்குத் தெரியும், ஆனா எப்பவாவது போய்ச் சொந்தக்காரங்களையும் சிநேகிதங்களையும் பார்த்துட்டு வரணும். அவ்வளவுதான். சட்டத்தை மாத்தச் சொல்லல. அம்மா வீட்டுக்குப் போயிட்டு வர அனுமதி கேட்டாங்க. அது ஒரு நாட்டோட சட்டத்தையே புரட்டிப் போட்டுச்சு. அதைக் கத்தித்தான் சொல்லணுமா?

எனக்கு இந்தப் படத்துல மறக்காதது அந்தக் கல்யாணச் சான்றிதழ். கட்டில் பக்கத்துச் சுவத்துல ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பாங்க. டார்ச் வெளிச்சத்துல ரிச்சர்டு அதைக் காட்டறார். அதெல்லாம் இங்க செல்லாதுன்னு ஷெரீப் சொல்லிடறார். எங்களோடதும் பதிவுத் திருமணம். முப்பது நாள் நோட்டீஸ் ஒட்டியிருந்த பலகையை வேணும்னே போய்ப் பார்த்துட்டு வருவேன், கிழிச்சுட்டாங்களான்னு. சான்றிதழை லேமினேட் பண்ணி பீரோல பட்டுப்புடவைக்கு அடியில வெச்சிருக்கேன். முதல் வாடகை வீட்டுல வீட்டுக்காரம்மா அட்வான்ஸ் வாங்கறதுக்கு முன்னாடி அதைக் கேட்டாங்க. வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சு, முத்திரை நிஜமான்னு பார்த்தாங்க. அந்தக் காட்சி வந்தப்போ எழுந்து போய்த் தண்ணி குடிச்சுட்டு வந்தேன்.


கறுப்பு அங்கி | ஞாயிறு, பகல் 12.20

மழைக்காகிதம் சொன்ன சான்றிதழிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் படம் கோட்டை விட்ட இடமும் அதுதான்.

அந்தச் சான்றிதழ் செல்லாத காகிதம் மட்டும் இல்லை, அவர்களுக்கு எதிரான சாட்சியமும் அதுதான். வர்ஜீனியா சட்டத்தில் இரண்டு பிரிவுகள். வெள்ளையரும் வெள்ளையரல்லாதவரும் மணந்தால் ஒன்று முதல் ஐந்து வருஷம் சிறை என்பது ஒரு பிரிவு. இந்தத் தடையைத் தவிர்க்க வெளி மாநிலம் போய் மணந்துகொண்டு திரும்பி வந்து சேர்ந்து வாழ்ந்தாலும் அதே குற்றம் என்பது இன்னொரு பிரிவு. வாஷிங்டனில் வாங்கிய சான்றிதழைச் சுவரில் மாட்டியது, வாக்குமூலத்தை எழுதி மாட்டியது மாதிரி. இது தெரிந்து பார்த்தால் அந்தக் காட்சி பத்து மடங்கு கனக்கும். படம் சொல்லவில்லை.

இரண்டாவது, 1924இல் வர்ஜீனியா போட்ட 'இனத் தூய்மை'ச் சட்டம். பலர் நினைப்பதுபோல அது எல்லா இனக் கலப்பையும் தடுக்கவில்லை. கறுப்பினத்தவரும் ஜப்பானியரும் மணக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு பக்கம் வெள்ளையர் இருந்தால் மட்டும்தான் குற்றம். தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் பிடித்த பிடி இதுதான்: வெள்ளையர் சம்பந்தப்பட்டதை மட்டும் தடுக்கிறது என்றால் நோக்கம் வெள்ளை மேலாதிக்கத்தைக் காப்பது, வேறில்லை. ஜப்பானிய அமெரிக்கர்கள் அமைப்பின் சார்பில் வில்லியம் மாருதானி என்ற வழக்கறிஞரும் அன்றைக்கு நீதிமன்றத்தில் எழுந்து வாதாடினார். இதற்கு ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

மூன்றாவது, எனக்கு ரொம்ப வயிற்றெரிச்சலானது. இந்தக் கேள்வி 1955லேயே உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. நெய்ம் என்ற சீன மாலுமி, வெள்ளைக்கார மனைவி, அதே வர்ஜீனியா. பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954இல் தீர்ப்பளித்துத் தெற்கு மாநிலங்கள் கொதித்துக்கொண்டிருந்த நேரம். எரிகிற வீட்டில் எண்ணெய் எதற்கு என்று நீதிபதிகள் நழுவிவிட்டார்கள். அன்றைக்கு நழுவாமல் இருந்திருந்தால் 1958இல் அந்த ஷெரீப் டார்ச் எடுத்திருக்க முடியாது.

அதனால் நான் தெற்கத்தி கட்சி. ஆனால் செல்மாவைக் காட்டவில்லை என்பதால் அல்ல, சட்டத்தைக் காட்டவில்லை என்பதால்.


புளியமரம் | ஞாயிறு, பகல் 12.41

அவங்களுக்குத் தண்டனை குடுத்த நீதிபதி பேசில் எழுதினதையும் சொல்லுங்க மேடம். கடவுள் வெள்ளை, கறுப்பு, மஞ்சள், மலாய், சிவப்புன்னு அஞ்சு இனத்தைப் படைச்சு தனித்தனிக் கண்டத்துல வெச்சார், கலக்கக் கூடாதுன்னுதான் பிரிச்சு வெச்சார்ன்னு 1965இல் தீர்ப்பு எழுதினவர். அதுல நாம எந்தக் கலர்ல வர்றோம்னு தெரியல :)


கறுப்பு அங்கி | ஞாயிறு, பகல் 12.55

அந்தக் கேள்விக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1923இல் பதில் சொல்லியிருக்கிறது புளியமரம். பகத் சிங் தின்ட் என்ற பஞ்சாப்காரர் குடியுரிமை கேட்டுப் போனார். நீ வெள்ளையன் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். கலிபோர்னியாவில் விவசாயம் பார்க்கப் போன பஞ்சாபிகள் பலர் மெக்சிகோப் பெண்களை மணந்ததற்கு இந்த மாதிரிச் சட்டங்களும் ஒரு காரணம். அங்கே 1948இல்தான் மாநில நீதிமன்றம் தடையை நீக்கியது.


கொத்தனார் மகன் | ஞாயிறு, பகல் 1.30

மேடம், நீங்க சொன்னதெல்லாம் தெரியாத விஷயம், நன்றி. ஆனா ஒண்ணு. நீங்க கேக்கற படம் வக்கீல்களோட படம். ஹாலிவுட்ல அது நூறு இருக்கு. கடைசி அரை மணி நேரம் ஒருத்தர் எழுந்து நின்னு பேசுவார், பின்னாடி வயலின் வரும், நீதிபதி கண்ணாடியைக் கழட்டுவார். இதுல வக்கீல்கள் வாதாடறப்போ படம் வீட்டுப் பக்கம் திரும்பிடுது. வழக்கு யாருக்காக நடக்குதோ அவங்க அந்த நேரத்துல சோறாக்கிட்டு, பிள்ளைகளப் பார்த்துட்டு இருக்காங்க.

புளியமரம் 'ஒத்தடம்'னார். அந்த பார் காட்சியை மறந்துட்டார் போல. குடிச்சுட்டு இருக்கும்போது கறுப்பினக் கூட்டாளி ஒருத்தன் ரிச்சர்டு மூஞ்சிக்கு நேரா சொல்வான்: உனக்கு இதுல இருந்து வெளிய வர வழி இருக்கு, அவளை விவாகரத்து பண்ணிடு, எங்களுக்கு அந்த வழி கிடையாது. ரிச்சர்டுகிட்ட பதிலே இருக்காது. ஒத்தடம் குடுக்கற படத்துல இந்த வசனம் எதுக்கு?

இன்னொரு காட்சி. லைஃப் பத்திரிகையில இவங்க படம் வந்த பிறகு, யாரோ அந்தப் பக்கத்தைச் சுத்தி ஒரு செங்கல்லை அவர் வண்டி சீட்டுல வெச்சுட்டுப் போயிருப்பாங்க. கண்ணாடி உடையல, அடிதடி இல்ல. அந்தாளுக்குச் சோறு போடற பொருளையே எடுத்து மிரட்டறாங்க. நான் பார்த்த வன்முறைக் காட்சியிலேயே ரொம்பப் பயந்தது அதுக்குத்தான்.


தெற்கத்தி | ஞாயிறு, மாலை 4.05

செங்கல் காட்சி நல்ல காட்சி, மறுக்கவில்லை.

ஆனால் தம்பி, மௌனமாக இருப்பவரைக் காட்டுவது வேறு, படமே மௌனமாக இருப்பது வேறு. உங்க அப்பாவைப் பற்றி நீங்கள் நான்கு வரி எழுதினீர்கள். அவர் பேசவில்லை, நீங்கள் பேசினீர்கள். அந்த நான்கு வரியில் அவர் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இயக்குநர் அந்த வேலையைச் செய்யவில்லை என்பதுதான் என் குறை.

ஒரு உதாரணம். கைதுக்கு மறுநாளே ரிச்சர்டு ஜாமீனில் வந்துவிட்டார். மில்ட்ரெட், வயிற்றில் பிள்ளையோடு, அதற்குப் பிறகும் பல நாள் உள்ளே. ஒரே குற்றம், ஒரே கட்டிலிலிருந்து பிடித்துப் போனவர்கள். நிறம் மட்டும்தான் வேறு. முழுப் படத்தின் அரசியலும் அந்தச் சில நாட்களில் இருக்கிறது. 18 வயசுப் பெண் அந்த அறையில் எதை நினைத்துக்கொண்டிருந்தாள்? நான் பார்க்க ஆசைப்பட்டது அந்த ராத்திரிகளை. படம் அதைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது.


ஓலைச்சுவடி | ஞாயிறு, இரவு 8.15

இன்னொன்றையும் படம் தொடாமல் விட்டது. மில்ட்ரெட்டைக் 'கறுப்பினப் பெண்' என்று தெற்கத்தி முதல் பதிவில் எழுதினார், யாரும் கேட்கவில்லை. அவர்களுடைய திருமண உரிமத்தில் மில்ட்ரெட்டின் இனம் 'இந்தியர்' என்று பதிவாகியிருக்கிறது, அதாவது பூர்வகுடி. பிற்காலத்தில் தான் ரப்பஹானாக் பூர்வகுடி என்றே அவர் சொன்னார். வழக்குப் பதிவுகள் அவரை நீக்ரோ என்கின்றன.

இதற்குப் பின்னால் வால்டர் பிளெக்கர் என்று ஒரு அதிகாரி இருக்கிறார். வர்ஜீனியாவின் பிறப்பு இறப்புப் பதிவுத் துறைத் தலைவர். மாநிலத்தில் அசல் பூர்வகுடி என்று யாருமே இல்லை, எல்லாரும் கறுப்பினக் கலப்பு என்பது அவர் பிடிவாதம். பிறப்புப் பதிவுகளில் அவர்களை 'நிறத்தவர்' என்று மாற்றச் சொல்லிக் கடிதம் கடிதமாக எழுதியவர். ஆனால் 1924 சட்டத்தில் ஒரு சந்து வைத்திருந்தார்கள்: பதினாறில் ஒரு பங்கு வரை பூர்வகுடி ரத்தம் இருந்தால் வெள்ளையர்தான். ஏன் தெரியுமா? போகஹான்டஸ் என்ற பழங்காலப் பூர்வகுடிப் பெண் எங்கள் பாட்டி என்று பெருமை பேசிக்கொண்டிருந்த பெரிய வீட்டு வெள்ளைக் குடும்பங்கள் மாட்டிக்கொள்ளக் கூடாதே!

இந்த ஊரே அப்படிப்பட்ட ஊர். சென்ட்ரல் பாயின்ட்டில் வெள்ளை, கறுப்பு, பூர்வகுடி மூன்றும் பல தலைமுறையாகக் கலந்து கிடந்தது. ரிச்சர்டின் அப்பா ஒரு கறுப்பினப் பணக்காரரிடம் வருஷக்கணக்கில் வேலை பார்த்தவர். ஊர்க்காரர்களுக்கு இந்த ஜோடி ஒரு அதிசயமே இல்லை. சட்டத்துக்குத்தான் உறுத்தியது.


புளியமரம் | ஞாயிறு, இரவு 8.31

நம்ம ஊர்ல அப்படியே தலைகீழ். சட்டம் விடும், ஊர் விடாது.


நெறியாளர் | ஞாயிறு, இரவு 8.40

அது பெரிய விஷயம், இங்கே தொடங்கினால் இழை திசைமாறிவிடும். தனி இழை திறந்துகொள்ளுங்கள்.


மழைக்காகிதம் | ஞாயிறு, இரவு 9.22

ஓலைச்சுவடி ஐயா, இது எனக்குப் புதுசு. ஆனா படத்தோட தப்புன்னு சொல்ல முடியல. தன்னை யாருன்னு சொல்லிக்கறதுல அவங்களுக்கே ஒரு வாழ்நாள் குழப்பம் இருந்திருக்கு, அந்தக் குழப்பத்த உண்டாக்கினதும் அந்தச் சட்டம்தான். அதை ரெண்டு மணி நேரப் படத்துல ரெண்டு வசனத்துல சொன்னா இன்னும் மோசமாயிருக்கும்.

அப்புறம், குரல் இல்லாதவங்கன்னு இன்னும் யாராவது சொன்னா, 2007இல், தீர்ப்பு வந்து நாப்பது வருஷம் ஆனப்போ மில்ட்ரெட் ஒரு அறிக்கை விட்டாங்க. எந்த இனமா இருந்தாலும், ஆணும் ஆணுமோ பெண்ணும் பெண்ணுமோ யாரா இருந்தாலும், பிடிச்சவங்களக் கல்யாணம் பண்ணிக்கற உரிமை எல்லாருக்கும் வேணும்னு. 2015இல் தன்பாலினத் திருமணத் தீர்ப்பு வந்தப்போ லவ்விங் வழக்கைத்தான் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டினாங்க. அந்த அறிக்கை விட்டது கிராமத்துல இருந்த அறுபத்தேழு வயசு அம்மா.


கறுப்பு அங்கி | திங்கள், காலை 6.50

அந்த அறிக்கை படத்தில் வந்திருக்க வேண்டும் என்று நான் சொன்னால் கொத்தனார் மகன் மறுபடி வயலின் கதை சொல்வார், அதனால் சொல்லவில்லை.

ஒரே ஒரு தகவல் மட்டும். 1967இல் 16 மாநிலங்களில் இந்தச் சட்டம் இருந்தது. தீர்ப்போடு எல்லாம் செத்துப்போயின, ஆனால் ஏட்டில் இருந்து உடனே அழிந்துவிடவில்லை. அலபாமா தன் அரசியல் சட்டத்திலிருந்து அந்த வாசகத்தை 2000இல்தான் வாக்கெடுப்பு நடத்தி நீக்கியது. செத்த சட்டம்தான், ஓட்டுப் போட்டு ஆகப்போவது ஒன்றும் இல்லை. அப்போதும் பத்தில் நான்கு பேர் நீக்க வேண்டாம் என்று போட்டார்கள்.


தெற்கத்தி | திங்கள், இரவு 10.15

முதல் கால் மணி நேரத்தையும் கடைசிப் பகுதியையும் மறுபடி போட்டுப் பார்த்தேன். ஆரம்பத்தில் ரிச்சர்டு மில்ட்ரெட்டை வெறும் நிலத்தில் நிற்க வைத்து, இந்த இடத்தை வாங்கிவிட்டேன், இங்கேதான் உனக்கு வீடு கட்டப்போகிறேன் என்கிறார். கடைசியில் அதே நிலத்தில் கல் வைத்துக்கொண்டிருக்கிறார். நடுவில் ஒன்பது வருஷம் போயிருக்கிறது. இதை முதல் தடவை நான் சரியாகக் கவனிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

சிறை ராத்திரிகள் விஷயத்தில் மாறவில்லை. கறுப்பு அங்கி கேட்ட பத்து நிமிஷமும் எனக்கு வேண்டும்.


கொத்தனார் மகன் | செவ்வாய், இரவு 11.05

நேத்து அப்பாவை உக்கார வெச்சுப் போட்டுக் காட்டினேன். இங்கிலீஷ் புரியாது, நான்தான் கதை சொல்லிட்டே வந்தேன். ஒரு மணி நேரம் ஒண்ணும் பேசல. கல்லு வைக்கற இடத்துல மட்டும் "கலவையில தண்ணி ஜாஸ்தி"ன்னார்.

முடியும்போது எழுத்து வருதில்ல, அதையும் படிச்சுச் சொன்னேன். அப்புறம் எனக்குத் தெரிஞ்சதையும் சொன்னேன். 1975 ஜூன்ல குடிச்சுட்டு ஓட்டினவன் ஒருத்தன் இவங்க கார்ல மோதி ரிச்சர்டு செத்துட்டார், 41 வயசு, அந்தம்மாவுக்கு ஒரு கண்ணு போச்சு, அப்புறம் வேற கல்யாணம் பண்ணிக்கல.

"அந்தப் பொண்ணு அவன் கட்டின வீட்டுலதான் இருந்துச்சா?"ன்னார்.

ஆமாப்பா, 2008ல சாகற வரைக்கும் அங்கதான்னேன்.

எழுந்து போய்ப் படுத்துட்டார்.